செம்பும் ஈரலும்: ஆடும் எலியும் சொல்லித்தந்த பாடம்



மழைக்காலத்தில் ஒரு நாள் லயத்துப் பக்கம் போயிருந்தேன். மலையில் மருந்தடித்துவிட்டு வந்த ஒரு தொழிலாளி இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் மருந்தின் நீலப்பச்சை நிறம் அப்படியே ஒட்டியிருந்தது.

"கையைக் கழுவிட்டு வெத்திலை போடலாமே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பதினெட்டு வருசமா டாங்கி தூக்குறேன் ஐயா. இதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் செய்யல. இனிமேலா செய்யப் போகுது?" என்றார்.

அவருக்குச் சரியான பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. "எதுக்கும் கழுவிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு இதைப்பற்றிப் படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இந்தப் பாடத்தில் எழுதுகிறேன். லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செம்பு மருந்து எப்படி வந்தது?

பிரான்ஸ் நாட்டில் போர்தோ என்னும் பகுதி திராட்சைக்குப் பேர்போனது. அங்கே பாதையோரத்துத் திராட்சைப் பழங்களைப் போகிற வருகிறவர்கள் பறித்துத் தின்றுவிடுவார்கள். அதைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பாதையோரக் கொடிகளில் தெளித்தார்கள். நீலநிறமாக இருப்பதைக் கண்டு யாரும் கைவைக்க மாட்டார்கள் அல்லவா? 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்தப் பக்கம் போனபோது, மற்றக் கொடிகளெல்லாம் நோயால் இலை உதிர்ந்து நிற்க, மருந்து தெளித்த கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கவனித்தார். 1885இல் அந்தக் கலவையை உலகுக்கு அறிவித்தார். மயில்துத்தம் என்பது செம்பில் இருந்து செய்யும் உப்பு. பயிரில் பூஞ்சணத்தைக் கொல்லும் செம்பு மருந்துகள் இப்படித்தான் பரவின.

நமது நாட்டுத் தேயிலையில் கொப்புள நோய் 1946இல் வந்தது. இளங்கொழுந்தில் கொப்புளம் போட்டு அழுகவைக்கும் நோய் இது. அதைத் தடுக்கச் செம்பு மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். மழைக்காலத்திலும் கவ்வாத்து வெட்டிய மலைகளிலும் நாற்றுமேடைகளிலும் அந்த மருந்து நமக்கு நன்றாகப் பழக்கமானது. தேயிலைக்கு அது செய்யும் நன்மையை யாரும் மறுக்க முடியாது. அடிக்கிறவரின் உடம்புக்குள் அது போனால் என்ன நடக்கும் என்பதுதான் நமது கேள்வி.

செம்பு விஷமா, சத்தா?

ஈயம், பாதரசம், கட்மியம், செம்பு முதலியவற்றைப் பார உலோகங்கள் என்பார்கள். ஈயமும் பாதரசமும் கட்மியமும் நமது உடம்புக்குக் கொஞ்சமும் தேவையில்லை. செம்பு அப்படியல்ல. இரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் அது வேண்டும். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போதும். முழு உடம்பிலும் இருக்கும் செம்பே 100 மில்லிகிராம் அளவுதான். அதாவது நாலைந்து அரிசியின் எடை. நாம் சாப்பிடும் பருப்பு, கீரை, தானியம் முதலியவற்றிலேயே அது கிடைத்துவிடுகிறது.

ஈரல் செய்யும் வேலை

வலது பக்க விலா எலும்புக்கு உள்ளே இருப்பது ஈரல். வளர்ந்தவருக்கு ஒன்றரைக் கிலோ அளவு இருக்கும். குடலில் இருந்து எந்தப் பொருள் இரத்தத்துக்குப் போவதானாலும் பெரும்பாலும் ஈரலுக்குள் நுழைந்துதான் போகவேண்டும்.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். லொறியில் வரும் சாமான் முதலில் ஸ்டோருக்கு வரும். ஸ்டோர்க்காரர் தேவையானதைப் பிரித்து அனுப்புவார். வேண்டாததைத் திருப்பிவிடுவார். மிச்சத்தை அடுக்கி வைப்பார். ஈரலும் செம்பை இப்படித்தான் நடத்துகிறது. தேவையானதைப் புரதத்தோடு சேர்த்து உடம்புக்கு அனுப்புகிறது. அதிகமானதைப் பித்தநீரில் கலந்து குடல் வழியாக வெளியேற்றுகிறது. வெளியேற்ற முடியாததை மெட்டலோதயனின் என்னும் ஒரு புரதத்தில் பொட்டலம் கட்டி, தன் கலங்களுக்குள் அடுக்கி வைக்கிறது. (கலங்கள் என்பவை லயத்தில் காம்பராக்கள் போல உடம்பில் அடுத்தடுத்து இருக்கும் மிகச் சிறிய அறைகள்.) இந்தப் புரதத்தை 1957இல் முதன்முதலாகக் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். கட்மியத்தையும் பாதரசத்தையும்கூட இதே புரதம்தான் கட்டி வைக்கிறது.

கட்டி வைக்கிற வரையில் ஆபத்தில்லை. ஸ்டோர் நிரம்பி வழிந்தால்தான் தொல்லை. கட்டப்படாத செம்பு கலத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய தோல்களை அரித்துவிடுகிறது. கலம் செத்து உடைகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஈரலின் உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறையில் மட்டும்தான் உண்டு. ஆகவே உள்ளே பழுது நடக்கும்போது நமக்கு வலி தெரியாது.

செம்மறியாடு சொன்ன பாடம்

செம்மறியாடு வளர்க்கும் நாடுகளில் விவசாயிகள் ஒரு விசித்திரமான சாவைப் பார்த்து வந்தார்கள். நேற்று வரை நன்றாக மேய்ந்த ஆடு இன்று தீனி எடுக்காது. தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். கண்ணும் வாயும் மஞ்சளாகும். மூத்திரம் தேயிலைச் சாயம் போலக் கருஞ்சிவப்பாகப் போகும். ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். செம்பு மருந்து அடித்த பழத்தோட்டங்களில் மேய்ந்த ஆடுகளும், செம்பு சேர்த்த பன்றித் தீனியைத் தின்ற ஆடுகளும் இப்படிச் செத்தன.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் சில செம்மறியாடுகளுக்குச் சிறிது சிறிதாக மயில்துத்தம் கொடுத்து, ஈரலையும் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அப்போது இரண்டு கட்டங்கள் இருப்பது தெளிவானது.

முதற்கட்டம் பல வாரங்கள் நீடிக்கும். ஈரலில் செம்பு ஏறிக்கொண்டே போகும். கலங்கள் வீங்கி ஒவ்வொன்றாகச் சாகும். செத்த கலங்களில் இருந்து நொதியங்கள் இரத்தத்தில் கசியும். ஆனால் ஆட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நன்றாக மேயும், நடக்கும்.

இரண்டாவது கட்டம் திடீரென்று வரும். தீனி குறைந்தாலோ, கடுங்குளிர் அடித்தாலோ, லொறியில் ஏற்றித் தூரம் கொண்டுபோனாலோ அது தொடங்கிவிடக்கூடும். ஈரலில் அடைபட்டிருந்த செம்பு ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டும். சிவப்பு அணுக்கள் உடையும். அதனால்தான் மூத்திரம் அப்படிக் கறுக்கிறது.

ஆடு மஞ்சளாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இரத்தச் சோதனையில் நொதியம் கூடியிருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத பழுது சோதனைக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் ஈரலுக்கு இரத்தம் சோதிக்கும்போது எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்று எழுதுவது இந்த மாதிரியான நொதியங்களைத்தான்.

எலி சொன்ன பாடம்

இதே வேலையை எலியில் செய்தபோது கதை வேறாக இருந்தது. 1980களில் லிவர்பூல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குத் தீனியில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு செம்பைக் கலந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் எலியின் ஈரலும் பழுதடைந்தது. ஆனால் அதே தீனியைத் தொடர்ந்து கொடுத்தபோதும் ஈரல் திரும்பவும் தேறிவந்தது. செத்த கலங்களுக்குப் பதிலாகப் புதிய கலங்கள் வளர்ந்தன. எலியின் ஈரல் செம்பைப் பொட்டலம் கட்டவும் வெளியேற்றவும் பழகிக்கொண்டது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவை மேலும் மேலும் கூட்டினால் எலியும் சாகும்.

செம்மறியாட்டின் ஈரலுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் எலி தாங்குகிற அளவுக்குச் செம்மறி தாங்காது. வெள்ளாடும் மாடும் செம்மறியைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பால்குடிக்கும் கன்றுக்குட்டி தாங்காது.

கறுவா நிற எலி

எலிகளிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஜப்பானில் சப்போரோ நகரத்தில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கறுவாப்பட்டை நிறமுள்ள ஓர் எலி இனத்தை வளர்த்தார்கள். யாரும் விஷம் வைக்காமலே, சாதாரணத் தீனி தின்றே, அந்த எலிகளுக்கு ஏறக்குறைய 4 மாத வயதில் மஞ்சட்காமாலை வந்தது. பல செத்தன. தப்பியவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஈரலில் புற்றுநோய் வந்தது. சோதித்துப் பார்த்தால் ஈரலில் செம்பு குவிந்திருந்தது.

காரணம் 1994இல் தெரிந்தது. செம்பைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதத்தைச் செய்கிற பரம்பரையலகு அந்த எலிகளில் பழுதாகியிருந்தது. ஸ்டோரின் பின்கதவு பிறவியிலேயே பூட்டிக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எலிக்குச் சத்தாக இருக்கும் தீனியே இந்த எலிக்கு விஷமானது.

இதே குறை மனிதரிலும் உண்டு. அதை வில்சன் நோய் என்கிறார்கள். 1912இல் வில்சன் என்ற வைத்தியர் அதை விவரித்து எழுதினார். ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைப் பருவத்திலோ வாலிப வயதிலோ மஞ்சட்காமாலை, வயிறு வீக்கம், கை நடுக்கம், பேச்சுக் குளறல் என்று வரும். தாய், தகப்பன் இருவரிடமும் இந்தப் பழுது மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். சொந்தத்திலேயே கலியாணம் செய்கிற குடும்பங்களில் அதற்கு இடம் கூடுதல். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும் கட்டாயம் சோதிக்கவேண்டும். 1956இல் இதற்கு மருந்து கிடைத்தது. காலத்தோடு கண்டுபிடித்து மருந்தை விடாமல் எடுத்தால் நன்றாக வாழலாம்.

மனிதரில் நடந்தவை

முதலில் மருந்தடிப்பவர்கள். போர்த்துக்கல் நாட்டில் திராட்சைத் தோட்டங்களில் வருடக்கணக்காகச் செம்பு மருந்து அடித்த தொழிலாளர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. 1969இல் வைத்தியர்கள் அவர்களின் சுவாசப்பையில் செம்பு படிந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். கினிப்பன்றிகளை அதே மருந்தின் புகாரில் வைத்தபோது அவற்றின் சுவாசப்பையிலும் அதே பழுது உண்டானது. 1970களின் நடுவில் அத்தகைய தொழிலாளர் சிலரின் ஈரலிலும் செம்பு படிந்த சிறு கட்டிகளைக் கண்டார்கள். மூச்சோடு உள்ளே போனது ஈரல் வரைக்கும் சென்றிருக்கிறது.

அடுத்தது கைக்குழந்தைகள். இந்தியாவில் நெடுங்காலம் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் கொன்ற ஓர் ஈரல் நோய் இருந்தது. வயிறு வீங்கி, ஈரல் கல்லாக இறுகி, பிள்ளை சில மாதங்களில் இறந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் ஈரலில் செம்பு மிக அதிகமாக இருந்தது. 1983இல் புனே நகரத்தில் ஆராய்ந்தவர்கள், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலை மிகச் சிறிய வயதிலேயே கொடுத்ததைக் காரணமாகக் காட்டினார்கள். பித்தளையில் செம்பும் நாகமும் கலந்திருக்கின்றன. பாலில் இருக்கும் புரதம் அந்தச் செம்பை இழுத்துக்கொள்ளும். பித்தளைப் பாத்திரத்தை விட்டு வேறு பாத்திரங்களுக்கு மாறிய பிறகு அந்த நோய் அருமையாகிப் போனது.

ஒஸ்ரியா நாட்டில் தீரோல் என்ற மலைநாட்டிலும் இதுவே நடந்தது. அங்கே செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலைக் குடித்த 138 குழந்தைகள் 1900க்கும் 1974க்கும் இடையில் ஈரல் நோயால் இறந்தார்கள் என்று 1996இல் வைத்தியர்கள் கணக்கெடுத்து எழுதினார்கள். பாத்திரம் மாறிய பின் நோய் நின்றுபோனது. அந்த ஊரில் அதே பாலைக் குடித்த மற்றப் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். இறந்த பிள்ளைகளின் ஈரலுக்குப் பிறவியிலேயே செம்பைத் தாங்கும் சக்தி குறைவாக இருந்திருக்கிறது.

நமக்கு விளங்கவேண்டியது

இப்போது அந்தத் தொழிலாளியின் கேள்விக்கு வருவோம். 18 வருடமாக அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றார். அது உண்மையாக இருக்கலாம். அவருடைய ஈரல் அந்த எலியின் ஈரலைப்போலத் தாங்கும் ஈரலாக இருக்கலாம். அல்லது முதற்கட்டத்தில் இருக்கும் செம்மறியாடு போல, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சேர்ந்துகொண்டும் இருக்கலாம். நம்மில் யார் எலி, யார் செம்மறி, யார் கறுவா நிற எலி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவருக்கு வராததால் அதே டாங்கியைத் தூக்கும் அவர் மகனுக்கும் வராது என்று சொல்ல முடியாது.

மருந்தடித்த எல்லாருக்கும் ஈரல் நோய் வரும் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. வலி வந்த பிறகு கவனிக்கலாம் என்ற எண்ணம் ஈரல் விஷயத்தில் பலிக்காது என்பதைத்தான் சொல்கிறேன்.

செய்யவேண்டியவை

1. மருந்து கலக்கும்போதும் அடிக்கும்போதும் கையுறை, முகமூடி, பூட்ஸ் போடவேண்டும். படங்கு கட்டிக்கொள்ளவேண்டும். இவற்றைத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. தராவிட்டால் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

2. காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். மருந்து வரும் மூக்கு அடைத்துக்கொண்டால் ஒருபோதும் வாயால் ஊதவேண்டாம்.

3. சவர்க்காரம் போட்டுக் கை, முகம் கழுவாமல் வெற்றிலை, பீடி, ரொட்டி, தேத்தண்ணி எதையும் தொடவேண்டாம். மலைக்குப் போகும்போது வெற்றிலைப் பையை மருந்துச் சட்டைப்பைக்குள் வைக்கவேண்டாம்.

4. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கவேண்டாம். டாங்கியைப் பீலியிலோ ஆற்றிலோ கழுவவேண்டாம். செம்பு மீனையும் கொல்லும்.

5. மருந்து வந்த வெறும் கேனை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடிக்கவேண்டாம். ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. புதிதாக மருந்தடித்த மலையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல் அறுக்கவேண்டாம். செம்மறி வளர்ப்பவர்கள் பன்றித் தீனியை அதற்குப் போடவேண்டாம்.

7. பிள்ளைக்கு முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகும் பிள்ளையின் பாலைப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சவும் வைக்கவும் வேண்டாம். புளி, தேசிக்காய், மோர் போன்ற புளிப்பானவற்றையும் அவற்றில் வைக்கவேண்டாம்.

8. பாத்திரத்துக்கு "ஈயம் பூசுவது" என்று நாம் சொல்வது வெள்ளீயத்தை. காரீயம் வேறு. அது கொடிய விஷம், அதிலும் பிள்ளைகளின் மூளைக்குப் பெரும் கேடு. பேர் ஒன்றாக இருப்பதால் ஏமாறவேண்டாம். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசுங்கள்.

9. சாராயமும் கசிப்பும் போவது இதே ஈரலுக்குத்தான். பகலில் மருந்தும் இரவில் கசிப்புமாக இரட்டைச் சுமையை ஏற்றவேண்டாம்.

10. கண் மஞ்சளாதல், மூத்திரம் கறுத்துப்போதல், வயிறு வீங்குதல், காரணமில்லாத அசதி, பசியின்மை கண்டால் நாட்டுவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருடம் மருந்தடிக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீண்ட காலம் மருந்தடிப்பவர்கள் சுகமாக இருக்கும்போதே ஈரலுக்கு இரத்தம் சோதிப்பதைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

இந்த அறிவை நமக்குத் தந்த ஆடுகளும் எலிகளும் கினிப்பன்றிகளும் தாமாக விரும்பி உயிர் கொடுக்கவில்லை. அவற்றின் உயிரை வாங்கிக் கற்ற பாடம் இது. ஒரு துண்டுச் சவர்க்காரத்துக்குச் சோம்பல்பட்டு அதை வீணாக்க வேண்டாம்.

அந்தத் தொழிலாளியைத் திரும்பவும் சந்தித்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு விடுங்க ஐயா. மகனும் போன மாசத்துல இருந்து டாங்கி தூக்குறான். அவனுக்குக் கையுறை கேட்டு எழுதித் தர்றீங்களா?" என்றார். இருவருக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டிலும் சங்கத்திலும் பேசிப் பார்க்க

- செம்மறியாட்டுக்கு முதற்கட்டத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?
- எலி தாங்கியதைச் செம்மறி ஏன் தாங்கவில்லை?
- கறுவா நிற எலிக்கும் வில்சன் நோய்க்கும் என்ன சம்பந்தம்?
- உங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பால் காய்ச்சும் பாத்திரம் எது?
- உங்கள் மலையில் மருந்தடிப்பவர்கள் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் எங்கே இருக்கின்றன?